இடதுகைக் கத்திரி

என் மனைவி இடதுகைக்காரி. எழுதுவது, வெங்காயம் நறுக்குவது, என்னைப் பார்த்து "அங்கோட்டுப் போங்க" என்று விரட்டுவது எல்லாம் இடது கையால்தான். பந்தியில் விளம்பும்போது மட்டும் ஊருக்காக வலது கைக்கு மாறுவாள். அப்போது சாம்பார் இலையில் பாதியும் இலைக்காரரின் வேட்டியில் பாதியும் விழும்.

அவள் தையல்காரி. கடையில் விற்கிற கத்திரி எல்லாம் வலதுகைக்காரர்களுக்காகச் செய்தது என்பது அவளைக் கட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். அதை இடது கையில் பிடித்து வெட்டினால் இரண்டு அலகும் ஒன்றையொன்று நெருக்காமல் விலகிக்கொள்ளும். துணி நடுவில் சிக்கி நசுங்கும். பல காலம் அப்படிப்பட்ட கத்திரியோடுதான் மல்லுக்கட்டினாள். பிறகு மஸ்கட்டில் இருந்த அவளுடைய தம்பி ஊருக்கு வரும்போது ஒரு இடதுகைக் கத்திரி வாங்கி வந்தான். கறுத்த பிடி, நல்ல கனம். அன்றிலிருந்து அதற்கு வீட்டில் எனக்கு மேலே ஒரு இடம். அதற்குத் தனியாக ஒரு துணி உறை உண்டு. அதில் காகிதம் வெட்டக்கூடாது. கீழே போடக்கூடாது. இரண்டையும் நான் செய்திருக்கிறேன். ஒருநாள் பால் கவரையும் வெட்டினேன். கழுவித் துடைத்து உறையில் வைத்தும், சாயங்காலம் அவள் அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்விட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய், பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை அது எனக்குப் புதிது என்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வண்டியை விட்டு நான் இறங்கிவிட்டேன், வண்டிதான் என்னை விட்டு இறங்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரையில் ஒரு மாடு குறுக்கே வந்தால் என் வலது கால் தரையை அமுக்கும். சும்மா இருக்க முடியாது. வீட்டில் நான் இறுக்காத திருகாணி கிடையாது. சிலதை இறுக்கி இறுக்கி முறித்தும் இருக்கிறேன். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டதில், யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போய், கதவில் ஒரு மணி கட்டவேண்டி வந்தது. அந்த மணியையும் நான்தான் கட்டினேன். அது இரண்டு முறை என் தலையில் விழுந்திருக்கிறது.

இப்படி நான் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அயர்லாந்துக்கு டிக்கெட் வந்தது. அவள் நர்ஸ். விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, இனி இல்லை என்று விட்டிருந்தபோது திடீரென்று வந்துவிட்டது. வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தைய திங்கள் காலையில் ஒரு பை நிறைய சேலையோடு வந்து என் மனைவியின் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்டி, அங்க பயங்கரக் குளிராம். எங்க அம்மைக்க சேலையை வெட்டி ஒரு போர்வை தச்சுத் தாங்க. நீங்க தச்சு வச்சிருக்கியள்லா, துண்டு துண்டா சேத்து, அது மாதிரி."

பின்னாலேயே அவளுடைய அம்மை வந்தார். "நான் இன்னும் சாவல்லியே மக்கா. உசுரோட இருக்கும்பமே என் சேலையை வெட்டணுமா?"

"செத்தபொறவு வெட்டினா நான் அழுவேன். இப்பம் வெட்டினா நீ அழுவ. எது கொள்ளாம்?"

"ரெண்டும் கொள்ளாது" என்றார் அம்மை. ஆனால் பையைத் திருப்பிக் கேட்கவில்லை. எல்லாம் உடுத்து உடுத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திச் சேலைகள். துவைத்துத் தேய்த்துத்தான் கொடுத்திருந்தார். வெட்டப்போகிற சேலையை யாராவது தேய்ப்பார்களா? அவர் தேய்த்திருந்தார்.

என் மனைவி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "வியாழக்கிழமை உனக்கு கார் வரதுக்கு முன்ன போர்வை உன் கையில இருக்கும்."

அவள் இப்படிச் சொன்னால் சொன்னதுதான். மற்ற தையல்காரர்கள் 'நாளைக்கு வாங்க' என்றால் அதற்கு அடுத்த வாரம் என்று ஊருக்கே தெரியும். இவள் ஒரு நாள் சொல்லி அது தவறினதாக எனக்கு நினைவில்லை. அதனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு தொற்றிக்கொண்டது. எனக்குப் பரபரப்பு தொற்றினால் வீட்டில் எதற்காவது ஆபத்து என்று அர்த்தம்.

அவர்கள் போனதும் அவள் கத்திரியை எடுத்து ஒரு ஓரத்துணியில் வெட்டிப் பார்த்தாள். நுனியில் வந்ததும் துணி நழுவியது. "மொண்ணையாட்டு இருக்கு. நாளைக்கு நாரோயிலுக்குக் கொண்டுபோய் சாணை பிடிக்கணும்" என்றாள். சைக்கிளில் சாணைச்சக்கரத்தோடு வருகிறவர் கொஞ்ச காலமாக இந்தப் பக்கம் வரவில்லை.

"இங்க தா. நான் பாத்துக்கிடுகேன்" என்றேன்.

"நீங்களா?" அந்த ஒரு சொல்லில் கதவு மணியிலிருந்து பால் கவர்வரை எல்லாம் இருந்தது.

"நான் இல்ல. நம்ம வெட்டுக்காரர்."

அதைக் கேட்டதும் அவள் யோசித்தாள். எங்கள் தெருவின் கோடியில் இருக்கிற ரப்பர் பால் வெட்டுகிறவர் அவர், எனக்குச் சேக்காளி. அவர் தீட்டின கத்தியால் மரத்தைச் சீவினால் பட்டை சுருள் சுருளாக, வெளிச்சம் தெரிகிற கனத்தில் விழும். மற்றத் தோட்டத்து வெட்டுக்காரர்கள்கூடக் கத்தியை அவரிடம் கொண்டுவந்து தீட்டிப்போவார்கள். எங்கள் பக்கத்தில் கூர்மை என்றால் அவர்தான்.

"வெளிப்பக்கம் மட்டும்தான் தீட்டணும். உள்பக்கம், ரெண்டும் உரசுகு பாத்தியளா, அங்க கல்லு தொடவே கூடாது. சொல்லிருவியளா?"

"சொல்லுகேன்."

சொல்லவும் செய்தேன். அதுதான் வம்பாகிப்போனது.

அவர் அப்போதுதான் பால் உறைய வைத்துவிட்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். கத்திரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னவே, ரெண்டு கத்தியைக் கட்டிப்போட்டிருக்கு" என்று சொல்லித் திருகைக் கழற்றினார். நான் மனைவி சொன்னதைச் சொன்னேன். அவர் கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எனக்குத் தீட்டப் படிப்பிச்சுத் தாறீரா?"

"நான் இல்ல. வீட்டுல சொன்னா."

"கத்தின்னா ரெண்டு பக்கமும் தீட்டணும். ஒரு பக்கம் மட்டும் தீட்டினா பிசிறு நிக்கும். அந்தப் பிசிறு மரத்தைக் கொல்லும்."

"இது துணி வெட்டத்தான்."

"துணியையும் கொல்லும்."

ரப்பர் கத்தியை உள்ளும் புறமும் தீட்டித்தான் அவருக்குப் பழக்கம். அவர் சொல்லுகிற விதத்தில் எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. இனி பேசிப் பயனில்லை என்று நான் ஷெட்டுக்குள் நடக்க ஆரம்பித்தேன். கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டை இழுத்துப் பார்த்தேன். உருளை மிஷினின் கைப்பிடியைச் சுற்றினேன்.

"ஒரு எடத்துல நில்லும்வே. உம்மப் பாத்தா என் கை ஆடுது."

நின்றேன். இடது காலில் கொஞ்சம், வலது காலில் கொஞ்சம். அவர் ஒரு அலகைத் தீட்டி முடித்து என் முன்கையை இழுத்து ஒரு இழுப்பு. முடி சத்தமில்லாமல் போனது. அடுத்த அலகுக்கு அடுத்த கை. நான் இரண்டு கையிலும் வழுக்கைத் திட்டோடு, பெரிய சாதனை செய்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கத்திரியை வாங்கி முதலில் வெட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமாக நின்று விரித்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகுதான் ஓரத்துணியை எடுத்தாள். கத்திரி மூடியது. துணி வெட்டுப்படவில்லை. வெற்றிலையை மடிக்கிற மாதிரி நடுவில் மடித்து வைத்துக்கொண்டது.

"உள்பக்கம் தீட்டியாச்சு" என்றாள்.

"எவ்வளவு கூர்மைன்னு பாரு" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"ஒங்க முடியை வெட்டியா போர்வை தைக்கப் போறேன்? கூர்மையா இருந்தா போதுமா? ரெண்டும் முட்டணும்லா. உள்ள தேஞ்சா எடைவெளி விழும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சேலைகளை எடுத்து நிறம் நிறமாக அடுக்க ஆரம்பித்தாள். அவள் திட்டினால் நான் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். திட்டாவிட்டால் எனக்கு இருக்க வழியே இல்லை. கத்திரியைப் பையில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன்.

டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்ததுதான் எனக்குத் தெரியும், வில்லுக்குறி போவதற்குள் அந்தத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க ஓட்டுகியளா?" என்று கேட்டுவிட்டார். நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மீனாட்சிபுரத்தில் சாணை பிடிக்கிற கடைக்காரர் கத்திரியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இத மிஷின்ல வச்சு உள்பக்கத்தை மட்டம் எடுக்கணும். அந்த வேலை செய்யுகவரு வெள்ளிக்கிழமைதான் வருவாரு."

"வியாழக்கிழமை ஃபிளைட்."

"கத்திரிக்கா?"

அங்கிருந்து தையல் சாமான் விற்கிற கடைகளுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்று சொல்லலாம். "இடதுகைக் கத்திரி இருக்கா?" என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பார்வை. ஒருவர் ஒரு சாதாரணக் கத்திரியை எடுத்து என் இடது கையில் வைத்து, "இப்பம் இது எடதுகைக் கத்திரி" என்றார். இன்னொருவர் ஆன்லைனில் கிடைக்கும் என்றார். போனில் தட்டிப் பார்த்தோம். சனிக்கிழமை வருமாம். கடைசியில் ஒரு புதிய வலதுகைக் கத்திரியை வாங்கினேன். எனக்கு வலது கை இருக்கிறதே, நான் வெட்டிக் கொடுத்தால் போகிறது என்று ஒரு யோசனை. திரும்பி வருகிற பஸ்ஸில் வெட்டுக்காரர் போன் செய்தார்.

"எப்பிடிவே? பறக்குதா?"

"பறக்குது" என்றேன். நாகர்கோவிலுக்கும் எங்கள் தக்கலைக்கும் பறந்துகொண்டுதானே இருந்தது.

தெருவில் நுழைந்தால் எதிர்வீட்டுப் பெண் கேட்டில் நின்றாள். பெட்டி கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறாளாம். "அங்கிள், ஆன்டி வெட்டத் தொடங்கியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

வீட்டுக்குள் மனைவி கேட்டாள், "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல்ல" என்று புதிய கத்திரியை நீட்டினேன்.

புதன் காலையில் அவள் என் பழைய கைலி ஒன்றை விரித்து சாக்பீசால் கோடு போட்டாள். "வெட்டுங்க பாப்போம்." நான் வெட்டினேன். வாயை மூடி, மூச்சைப் பிடித்து, கோட்டிலேயே கண்ணாக வெட்டினேன். மலைப்பாதையில் எத்தனை வளைவு ஓட்டினவன் நான். பழக்கம் போகுமா? நேர்க்கோட்டில் நாலு வளைவு எடுத்திருந்தேன்.

"ஹாரன் மட்டும்தான் அடிக்கல்ல" என்றாள். பிறகு அந்தக் கத்திரியைத் தானே இடது கையில் பிடித்து முயன்றாள். பழைய கதைதான். துணி நசுங்கியது. வலது கையில் பிடித்தாள். என்னைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அந்தச் சேலைகளில் இந்த விளையாட்டு செல்லாது. வெட்டு கோணிப்போனால் மறுபடி வாங்கிவர அது கடைத்துணி இல்லை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன், உட்கார்ந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். அந்தப் பெண்ணிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அந்த ஸ்குரூ டிரைவரை எடுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் என்னிடம் ஒருவர் ஸ்குரூ டிரைவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடினேன்.

இடதுகைக் கத்திரியின் திருகைக் கழற்றி இரண்டாகப் பிரித்தாள். ஒரு அலகை மட்டும் எடுத்தாள். மேசையில் ஒரு ஒட்டுப்பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு சேலையை நாலாக மடித்து விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, "அமுக்கிப் பிடிங்க. ஆடாதிய" என்றாள். பிறகு அலகைக் கத்தியைப் போலப் பிடித்து ஸ்கேலோரமாக ஒரு இழுப்பு.

நாலு மடிப்பும் ஒரே கோட்டில் பிரிந்தது. ஒரு நூல் பிசிறவில்லை.

அவள் அடுத்ததை விரித்தாள். நீளத்துண்டுகளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஓரத்தில் அலகால் ஒரு கீறல் போட்டு இரண்டு கையாலும் இழுத்தால், பழைய பருத்தி இழையோடு நேராகக் கிழிந்து வந்தது. அந்தச் சத்தம் தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மை வாசலில் வந்து நின்றார்.

"என் சேலையா அது?"

"ஆமாக்கா."

"வெட்டுவேன்னுல்லா சொன்ன. கிழிக்கியே."

"இந்தத் துணிக்கு இதுதான்க்கா நேரா வரும். இங்க வந்து அந்த முனையைப் பிடிங்க."

அம்மை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு வந்து முனையைப் பிடித்தார். முதல் கிழிப்பில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் பாதி மூடினார். ஐந்தாறு ஆனபிறகு, "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிட்டி, கை தளருது உனக்கு" என்று என் மனைவியை அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

எனக்கு வேலை ஸ்கேலைப் பிடிப்பது. அவ்வளவுதான். ஆனால் ஒரு மனிதன் விரலை அசைக்காமல், மூக்கு அரித்தாலும் சொறியாமல், மேசைமேல் குனிந்து நிற்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டியில் சிக்னலுக்கு நிற்கும்போதாவது கியரை ஆட்டலாம். அம்மை என்னைப் பார்த்துவிட்டு, "இந்த அண்ணன் மூச்சு விடுகாரா?" என்று கேட்டார்.

"விடச் சொல்லல்ல இன்னும்" என்றாள் என் மனைவி.

பாதி வேலையில் வெட்டுக்காரர் வந்துவிட்டார், பாராட்டு கேட்க. மேசையில் அலகு தனியாகக் கிடப்பதைப் பார்த்து முகம் மாறியது. "என்னது, பிரிச்சுப் போட்டிருக்கு?"

நான் வாயைத் திறந்தால் ஸ்கேல் நகரும் என்று பேசாமல் நின்றேன். என் மனைவி அலகை எடுத்துக் காட்டினாள். "ஒங்க தீட்டு அப்பிடி அண்ணே. ஒண்ணே போதும்னு ஆச்சு."

அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உட்கார்ந்தே விட்டார். பலகையில் இழுத்து இழுத்து அலகு மந்தமாகத் தொடங்கினதும் வீட்டுக்கு ஆளனுப்பிக் கல்லை எடுத்துவரச் செய்தார். அவள் ஒரு அலகால் வெட்டும்போது அவர் மற்றதைத் தீட்டுவார். கொடுப்பார், வாங்குவார். இரண்டு பக்கமும் தீட்டினார். இப்போது யாரும் தடுக்கவில்லை. என்ன, ஒவ்வொரு தடவையும் கூர்மை பார்க்க என் கையைத் தேடினார். ஸ்கேல் பிடித்திருந்ததால் தப்பவும் முடியவில்லை.

மத்தியானத்துக்குள் வெட்டு முடிந்தது. சாயங்காலம்வரை மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது. மறுநாள் காலையில் நடுவில் மெல்லிய கம்பளியும் அடியில் ஒரு முழுச்சேலையும் வைத்துத் தைத்து முடித்தாள். சுற்றிலும் ஓரப்பட்டியை மடித்துக் கையால் தைப்பது மட்டும் பாக்கி. இரண்டு பக்கம் ஆகியிருந்தது. அப்போது தெருவில் கார் ஹாரன் கேட்டது. சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே டிரைவர் வந்துவிட்டார். மார்த்தாண்டத்தில் நெரிசலாம், இப்போதே கிளம்பினால்தான் உண்டாம்.

அந்தப் பெண் ஓடிவந்தாள். "ஆன்டி, இவ்வளவு போதும். நான் அங்க போய் தச்சுக்கிடுகேன்."

"நீ அங்க போய் ஊசி போடு. இது நான் தச்சுத் தாறேன்" என்று என் மனைவி போர்வையோடும் நூலோடும் காரின் பின்சீட்டில் ஏறினாள். பெட்டிகளை நான் ஏற்றினேன். பின்னால் மூன்று பெண்கள், மூவர் மடியிலும் விரிந்து ஒரே போர்வை. முன்னால் நான்.

"பைய போகச் சொல்லுங்க, குத்துது" என்பாள் மனைவி. "வேகமாப் போகச் சொல்லுங்க அங்கிள், லேட்டாவுது" என்பாள் அந்தப் பெண். நான் இரண்டையும் டிரைவரிடம் சொன்னேன். குழித்துறையில் அவர் பொறுமை இழந்து, "அண்ணே, பிரேக்கு எங்கிட்ட இருக்கு. நீங்க காலை எடுங்க" என்றார்.

கிளம்பின அவசரத்தில் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுக்கவில்லை. வீட்டில் இருந்தது வலதுகைக் கத்திரி ஒன்று, பிரித்த கத்திரி ஒன்று, சின்னது ஒன்று. காரில் ஒன்றுகூட இல்லை. அவள் ஒவ்வொரு இழையையும் பல்லால் கடித்து அறுத்தாள். களியக்காவிளை தாண்டும்போது மூன்றாம் பக்கம் முடிந்தது. நெய்யாற்றின்கரையில் அம்மை போர்வையை இறுக்கிப் பிடித்துக் கொடுத்தார், அந்தப் பெண் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். குண்டும் குழியும் வரும்போது மூன்று பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள், ஒன்றாகத் தொடங்கினார்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கார் நின்றபோது ஒரு சாண் பாக்கி. காவலர் விசிலடித்து நகரச் சொன்னார். நான் இறங்கி அவரிடம் போய் என் பஸ் வாழ்க்கையின் கதையைத் தொடங்கினேன். அதை முழுக்கக் கேட்டவர் இதுவரை இல்லை. அவரும் கேட்கவில்லை, ஆனால் ஒரு சாண் தைப்பதற்கு அது போதுமாக இருந்தது. என் மனைவி கார் பானெட்டின்மேல் போர்வையை வைத்துக் கடைசி முடிச்சைப் போட்டாள். ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, குனிந்து நூலைக் கடித்தாள்.

"இந்தா."

பெட்டியில் இடமில்லை. அந்த வெயிலில் அந்தப் பெண் போர்வையைத் தோளில் போட்டுச் சுற்றிக்கொண்டாள். "வேக்காட்டுல என்னத்துக்குட்டி பொதச்சிட்டுப் போற" என்று அம்மை சொன்னார். ஆனால் கையால் அதைத் தோளில் சரியாக இழுத்துவிட்டார். அவள் உள்ளே போனாள்.

நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே எவ்வளவு கூட்டம். எல்லாரும் ஒரே மாதிரிப் பெட்டியும் பையுமாக நகர்ந்தார்கள். அவளை மட்டும் தொலைக்க முடியவில்லை. பச்சையும் அரக்கும் நீலமுமாக அந்தப் போர்வை வரிசையில் வளைந்து வளைந்து போனது.

"அன்னா, அங்க பாருங்க" என்று கை நீட்டிக் காட்டினார் அம்மை. "அன்னா போறா. அன்னா." திரும்புகிற இடத்தில் மறைகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மறைந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கப் போனார்.

என் மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பல்லுல நூலு சிக்கிருக்கு. கொஞ்சம் பாருங்க."

வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க அவள் வாயைத் திறந்தாள். நான் போன் டார்ச்சை அடித்துத் தேடினேன். கடைவாய்ப்பக்கம் ஒரு நீல இழை. நகத்தால் பிடித்தேன். நழுவியது.

"ஆடாதிய" என்றாள், வாயை மூடாமலே.

மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது.